கூட்டத்தோடு ஓடாமல் ஓடக் கற்றேன்

என் முதல் 10 கிலோமீட்டர் ஓட்டப்பந்தயம் சென்னை மெரினா கடற்கரையோரக் காமராஜர் சாலையில். பயிற்சியில் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் எடுப்பவன், கூட்டத்தின் வேகத்தில் இழுபட்டு முதல் கிலோமீட்டரை 5 நிமிடம் 40 நொடியில் முடித்துவிட்டேன். கால்கள் அப்போது இறகுபோல இருந்தன. கலங்கரை விளக்கத்தை நெருங்கும்போதே மூச்சு வாங்கியது. ஆறாவது கிலோமீட்டரிலிருந்து நடைதான். விடியற்காலை என்பதால் சமாளிக்கலாம் என்று நம்பியது பெரிய தவறு. சென்னையின் ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலராது, உடல் சூடு தணியாது, இதயம் இன்னும் வேகமாகத் துடிக்கும்.

அடுத்த இரண்டு மாதம் பெசன்ட் நகர் கடற்கரையோரம் ஒன்றை மட்டும் பழகினேன்: பேசிக்கொண்டே ஓடுவது. நண்பரிடம் முழு வாக்கியமாகப் பேச முடியாவிட்டால் வேகத்தைக் குறைத்துவிடுவேன். தனியாக ஓடும் நாளில் ஒரு திருக்குறள். ஏழு சீரும் தடையின்றி வாயில் வந்தால் அதுதான் என் வேகம். கைக்கடிகாரத்தைவிட இதையே நான் நம்புகிறேன்.

இரண்டாவது பந்தயத்தில் கூட்டத்தின் பின்பகுதியில் நின்றேன். முதல் 2 கிலோமீட்டர் 7 நிமிடம் 15 நொடி வீதம். பலர் கடந்து போனார்கள். மனம் பரபரத்தது, ஆனால் கால்களை வேகமெடுக்க விடவில்லை. தண்ணீர் வைத்திருந்த இடத்திலெல்லாம் இரண்டு மடக்கு. எட்டாவது கிலோமீட்டருக்குப் பிறகே வேகம் கூட்டினேன். நேப்பியர் பாலத்தின் வளைவுகள் கண்ணில் பட்டபோதும் குறள் வாயில் வந்துகொண்டிருந்தது.