டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்

வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கத்து ஜிம்களில் கொழுப்பைக் கரைக்கும் என்று விற்கும் 'ஹெர்பல்' ஃபேட் பர்னர் புழங்குவது புதுசில்லை. மூலிகைதானே என்று அதோடு காபியும் சளி மாத்திரையும் சேரும்போதுதான் வினை. எல்லாமே இதயத்தை விரட்டும் சரக்கு.

வாங்குமுன் பின்பக்கத்தைப் படியுங்கள். குவாரானா, கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட், கிரீன் காபி என்று மூன்று பெயர் இருந்தாலும் மூன்றிலும் வருவது காஃபின்தான். ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை, ஒரே மூச்சில் 200 வரை பரவாயில்லை. ஒரு ஸ்கூப்பில் 300 என்று போட்டிருந்தால் அதுவே அதிகம். காலை, மாலை ஃபில்டர் காபியையும் கூட்டினால் எங்கே போய் நிற்கும்? அளவைப் பிரிக்காமல் 'புரொப்ரைட்டரி பிளெண்ட்' என்று மொத்தமாக எழுதியிருந்தால் கூட்டவே வழியில்லை. அங்கேயே வைத்துவிடுங்கள்.

எபெட்ரா, மா ஹுவாங், சிட்ரஸ் ஆரண்டியம், யோஹிம்பின்: இதில் எது கண்ணில் பட்டாலும் வேண்டாம். எபெட்ராவும் மா ஹுவாங்கும் ஒரே செடிதான். சளி மாத்திரையில் வரும் சூடோஎபெட்ரின் அதற்கு ஒன்றுவிட்ட தம்பி. எபெட்ரா வகைச் சரக்கு தோலின் ரத்தக் குழாயை இறுக்குவதால் உடம்புச் சூடு எளிதில் வெளியேறாது. 2003இல் அமெரிக்க பேஸ்பால் வீரர் ஸ்டீவ் பெக்லர் 23 வயதில் பயிற்சியின்போது வெப்பத்தாக்கு வந்து இறந்தார். எபெட்ராவுக்கும் அதில் பங்குண்டு என்றார் பிரேதப் பரிசோதனை மருத்துவர். அடுத்த ஆண்டு அங்கே எபெட்ரா சப்ளிமெண்டுகளுக்குத் தடை வந்தது. சித்திரை மாதம், தகரக் கூரை, ஒரே ஒரு ஃபேன்: நம்ம ஜிம்மை நினைத்துப் பாருங்கள்.

இளைக்கலாம் என்று அம்மாவின் தைராய்டு மாத்திரையில் கை வைக்காதீர்கள். கொழுப்போடு தசையும் கரையும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். ஆஸ்பிரின் கொழுப்பைத் தொடாது. வயிற்றில்தான் ரத்தம் கசியும். டிஎன்பி என்று யாராவது பொட்டலம் நீட்டினால், அது வெடிமருந்துச் சரக்கு. உடம்பை உள்ளேயே வேகவைக்கும், முறிவு மருந்து கிடையாது.

உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க உரிம எண் இல்லாத டப்பாவைத் தொடவே வேண்டாம். எண் இருந்தாலும் முழுசாக நம்பவும் முடியாது. தடையான இளைப்பு மருந்து சிபுட்ராமைனை 'மூலிகை' கேப்சூலில் ஒளித்து விற்றுப் பலமுறை பிடிபட்டிருக்கிறார்கள். போட்ட ஓரிரு நாளில் பசி செத்து, வாய் வறண்டு, தூக்கம் போனால் சந்தேகப்படுங்கள்.

பிரஷர், சர்க்கரை, மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடக்கூடாது. கண் மஞ்சளானாலோ சிறுநீர் அடர் பழுப்பானாலோ ஈரல் அடிவாங்குகிறது என்று சந்தேகப்படுங்கள். அன்றே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நெஞ்சுவலி, மயக்கம், அடங்காத படபடப்பு என்றால் 108. ஸ்டான்லி அவசரப் பிரிவுக்குப் போகும்போது டப்பாவையும், கூடப் போட்ட மாத்திரை அட்டையையும் கையோடு கொடுத்துவிடுங்கள். 'சும்மா சத்து மாவு' என்று மழுப்பினால் டாக்டர் எதற்கென்று வைத்தியம் பார்ப்பார்?