நடுவட்டம் சிறை அருங்காட்சியகம்: முதல்முறை போகிறவர்களுக்கு

ஊட்டிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பைக்காரா படகுத்துறையோடு வண்டியைத் திருப்பிவிடுவார்கள். அதே கூடலூர் சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் நடுவட்டம் வந்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனக் கைதிகளை அடைத்துவைத்த சிறை அங்கே அருங்காட்சியகமாக நிற்கிறது. சின்னக் கட்டடம்தான். சுற்றிப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா?" என்று திரும்புகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. கீழே சொல்லும் வரிசையில் போய்ப் பாருங்கள்.

படி 1: கிளம்பும் முன் சின்கோனாவைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியை மட்டும் தாண்டாதீர்கள். சின்கோனா தெரியாமல் பார்த்தால் அந்தச் சிறை நான்கு சுவர்தான்.

மலேரியாவுக்கு அன்றைக்கு இருந்த ஒரே நல்ல மருந்து கொய்னா. அது சின்கோனா மரப்பட்டையிலிருந்து கிடைப்பது. மரமோ தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைக்குச் சொந்தம். தன் படையும் அதிகாரிகளும் காய்ச்சலில் சாகாமல் இருக்க ஆங்கிலேய அரசுக்கு இந்தப் பட்டை ஏராளமாகத் தேவைப்பட்டது. 1860-61 வாக்கில் கிளமெண்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயரின் ஏற்பாட்டில் செடிகளும் விதைகளும் நீலகிரிக்கு வந்தன. ஊட்டி அரசுத் தோட்டத்தைக் கவனித்துவந்த மக்ஐவர் அவற்றை வளர்த்தெடுத்தார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன.

மக்ஐவர் கையாண்ட முறை ஒன்று உண்டு. மரத்தை வெட்டாமல், பட்டையை மட்டும் நீளநீளமாக உரித்தெடுத்துவிட்டு அந்த இடத்தைப் பாசியால் மூடிக் கட்டிவிடுவார்கள். உரித்த இடத்தில் புதுப்பட்டை வளரும், அதில் மருந்துச் சத்தும் கூடுதலாக இருக்கும். ஒவ்வொரு மரமாக உரிக்க வேண்டும், பாசி சேர்க்க வேண்டும், கட்ட வேண்டும். அதற்கு முன்னால் காட்டை வெட்டிக் குழி எடுத்து நட்டாக வேண்டும். இத்தனைக்கும் ஆள் வேண்டுமே! கூலி குறைவான கைகளைத் தேடியபோதுதான் கைதிகள் வந்தார்கள், அவர்களை அடைக்கச் சிறையும் வந்தது.

படி 2: கைதிகள் யார் என்ற இரண்டு கதைகளையும் கேளுங்கள்

ஆங்கிலேயர் சீனாவோடு நடத்திய அபினிப் போர்களில் (1839-42, 1856-60) பிடிபட்ட சீனர்கள் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படுவது. 1908-ல் வெளியான நீலகிரி மாவட்ட கெசட்டியர், அதாவது அரசு வெளியிட்ட மாவட்ட விவர நூல், வேறு மாதிரி சொல்கிறது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் தண்டனை பெற்ற சீனர்கள் இவர்கள். அங்கே சிறைகளில் போதிய இடம் இல்லாததால் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டார்கள் என்பது அதன் கணக்கு. அந்தக் குடியேற்றங்கள் 1867 வரை ஆங்கிலேயரின் இந்திய அரசின் கீழ்தான் இருந்தன. அதனால் கெசட்டியர் சொல்வதே எனக்கு வலுவாகப் படுகிறது. போர்க்கைதிகள் இல்லை என்று ஆகிவிட்டால் அவர்கள் பட்ட பாடு குறைந்துவிடாது. மொழி தெரியாத மலையில், குளிரில், கடலுக்கு அப்பால் வீட்டை விட்டுவிட்டு வேலை செய்தவர்கள் அவர்கள். மழையும் காற்றுமாக இருந்த ஓர் இரவில் சிலர் தப்பி ஓட, ஆயுதப் போலீஸார் மலை முழுக்கத் தேடியதும் பதிவாகியிருக்கிறது.

குழந்தைகளைக் கூட்டிப்போனால் இரண்டையும் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லிப் பழக்க வேண்டாம்.

படி 3: போய்ச் சேர்வது

சொந்த வண்டி என்றால் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும். 2024 மே மாதம் முதல் இது நடைமுறையில் இருக்கிறது, இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஊட்டியில் கூடலூர் பஸ் ஏறி, நடுவட்டத்துக்கு டிக்கெட் வாங்குங்கள். தலைகுந்தா, பைக்காரா தாண்டி, மொத்தம் முப்பது கிலோமீட்டர் அளவுதான். கடைத்தெருவில் இறங்கி "ஜெயில் மியூசியம் எங்கேங்க?" என்று கேட்டால் போதும், வழி காட்டிவிடுவார்கள்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை இந்தப் பக்கம் கொட்டித் தீர்க்கும். முதல்முறை போகிறவர்கள் அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. மற்ற மாதங்களிலும் காலையிலேயே போய்விடுங்கள்.

படி 4: உள்ளே

படங்கள், எழுத்துகள் பக்கம் உடனே போகாதீர்கள். முதலில் ஓர் அறைக்குள் போய்ச் சும்மா நில்லுங்கள். சுவரின் கனத்தைப் பாருங்கள். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். நடுவட்டத்துக் குளிர் சுவெட்டரையும் மீறி ஏறும். நாள் முழுக்க மழையில் வேலை செய்துவிட்டு ஈரத்தோடு இங்கே வந்து படுத்தவர்களை அப்போது நினைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மற்றதைப் பாருங்கள்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு கைதி போல நடித்துப் படம் எடுப்பது வேண்டாம். கட்டடத்தை எடுங்கள், தாராளமாக. ஆட்கள் நிஜமாகவே அடைபட்டுக் கிடந்த இடத்தில் விளையாட்டு எதற்கு?

படி 5: வெளியே வந்த பிறகு

கதை சிறையோடு முடியவில்லை. விடுதலையானவர்களில் சிலர் திரும்பிப் போகாமல் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடைப்பட்ட சரிவில் குடியேறினார்கள். தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் காப்பியும் பயிரிட்டு, மாடு வளர்த்துப் பிழைத்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்து, மக்களின் உடல் அளவுகளை எடுத்து ஆராய்ந்த எட்கர் தர்ஸ்டன் அவர்களைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். அதில் ஒரு தகப்பனுக்கு இருந்த ஒரே மனக்குறை, கிறிஸ்தவராக மாறியபோது, சீன ஆண்கள் வழக்கமாகப் பின்னிவிடும் தன் சடையை வெட்ட வேண்டியதாகிவிட்டதே என்பதுதான். மூக்கையும் தலையையும் அளந்து எழுதிய அந்தக் குறிப்பில், எனக்கு அந்த மனிதரை மனிதராகக் காட்டுவது இந்த ஒரு வரிதான்.

இதைப் படித்துவிட்டு டீக்கடையில் யார் முகத்தில் சீனச் சாயல் இருக்கிறது என்று தேடாதீர்கள், கேட்கவும் கேட்காதீர்கள். அளந்தவர்கள் போதும்.

நேரம் இருந்தால் ஊட்டிக்குத் திரும்பாமல் கூடலூர் பக்கம் இறங்கும் பஸ்ஸில் ஏறுங்கள். ஊசிமலைக் காட்சிமுனைக்குப் போகும் வழியில் இருபுறமும் தெரிவதெல்லாம் அந்தக் குடும்பங்கள் பிழைத்த மலைச்சரிவின் பக்கம்தான். மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கிவிட்டால் எதுவும் தெரியாது, அதனால் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே கிளம்பிவிடுங்கள்.