தொடர்வார்ப்பு எஃகின் உள்ளே எந்தப் படிகம் எவ்வளவு வரும்? பைத்தானில் கணிப்பது எப்படி

தொடர்வார்ப்பில் உருகிய எஃகு, நீரால் குளிரும் அச்சு வழியே ஓயாமல் இறங்கி உறையும். அப்படி வரும் சதுரக் கட்டையான பில்லட்டைக் குறுக்கே அறுத்து அமிலத்தில் அரித்துப் பார்த்தால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நீளும் தூண் படிகங்கள் தெரியும், அதாவது காலம்னர். நடுவில் பொடிப்பொடியாக, எல்லாத் திசையிலும் சமமாக வளர்ந்த ஈக்விஆக்ஸ்டு படிகங்கள். அறுப்பதற்கு முன்பே இந்தப் பங்கைக் கணிப்பதுதான் வேலை. வெப்பக் கடத்தல் சமன்பாட்டை நீங்களே தீர்த்துப் பழகியவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. துண்டு. முழு வார்ப்பையும் முப்பரிமாணத்தில் போட வேண்டாம். இரும்போடு சேர்ந்து இறங்கும் ஒரு குறுக்குவெட்டுத் துண்டு போதும். தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம்.

2. வெப்பம். அச்சுக்குள் 1954-இல் சாவேஜும் பிரிச்சர்டும் தந்த சூத்திரமே இன்றும் நல்ல தொடக்கம்: வெப்பப் பாய்வு 2.68 − 0.335√t, சதுர மீட்டருக்கு மெகாவாட்டில், t நொடியில். அச்சைத் தாண்டியதும் நீர் தெளித்துக் குளிர்விக்கும் ஸ்ப்ரே பகுதிகள். உருகலின் ஓட்டத்தை ஈடுகட்ட, திரவத்தின் கடத்துதிறனை ஏழு மடங்கு வரை கூட்டிக்கொள்வது வழக்கம். கூட்டியதும் நேரப்படியைக் குறைத்துவிடுங்கள். 2.5 மிமீ கட்டத்தில் அது சுமார் 0.03 நொடிக்குக் கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் வெப்பநிலை தாறுமாறாகக் குதிக்கும்.

3. ஒரு சரிபார்ப்பு. வெளியே உறைந்த ஓட்டின் தடிமன் K√t. நிமிடக் கணக்கில் K சுமார் 25 முதல் 30 மிமீ. 150 மிமீ பில்லட், நிமிடத்துக்கு 2 மீட்டர் என்றால் 12.5 முதல் 18 மீட்டருக்குள் முழுதாக உறைய வேண்டும். உங்கள் விடை இதைவிட வெகுதூரம் விலகினால் படிகத்தைத் தொடவே தொடாதீர்கள்.

4. படிகம். இதற்கு ராப்பாஸும் காண்டினும் 1990-களில் வளர்த்த செல்லுலார் ஆட்டோமேட்டன் முறை: பரப்பைச் செல்களாகப் பிரித்து, பக்கத்து செல்களைப் பார்த்து ஒவ்வொன்றின் நிலையையும் மாற்றுவது. வெப்பக் கட்டத்துக்குள் இன்னும் நுண்ணிய செல்கள். கருவாக்கத்துக்குச் சுவரில் ஒரு எண் தொகுதி, உருகலுக்குள் இன்னொன்று: சராசரி அண்டர்கூலிங் (உறைநிலைக்குக் கீழே எவ்வளவு குளிர்ந்தது), அதன் பரவல், அதிகபட்சக் கருக்கள். வளர்ச்சி வேகம் அண்டர்கூலிங்கின் இருபடியும் மும்படியும் சேர்ந்தது. பக்கத்து செல்லைச் சும்மா பிடித்துக்கொண்டே போனால் எல்லாப் படிகமும் கட்டத்தின் அச்சுக்கே திரும்பிவிடும். அதைத் தவிர்க்க, படிகத்தின் சாய்வை மாற்றாமல் ஒவ்வொரு செல்லிலும் ஒரு சதுரத்தை வளர்க்கும் மையம் விலகிய சதுர முறையைப் போடுங்கள்.

5. கரு அடர்த்தி. இங்கேதான் நானும் ரொம்ப நேரம் நின்றேன். கட்டுரைகளில் வரும் எண் பெரும்பாலும் கன மீட்டருக்கு. நம் துண்டோ இருபரிமாணம். அந்த எண்ணை அப்படியே போட்டால் செல்லுக்கு ஒரு கரு முளைத்து, படம் முழுக்கப் பொடியாகிவிடும். தோராயமாக அந்த எண்ணின் 2/3 அடுக்கை (power) எடுங்கள்: கன மீட்டருக்கு 10⁹ என்பது சதுர மீட்டருக்கு 10⁶. அதாவது கன மில்லிமீட்டருக்கு ஒன்று, சதுர மில்லிமீட்டருக்கு ஒன்று ஆகிறது. இது சரியானதும் என் படத்தில் தூண் படிகங்கள் தலைகாட்டின. வளர்ச்சிக் கெழுக்கள் மீட்டரிலா மில்லிமீட்டரிலா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

6. ஒப்பீடு. கரு எண்களைத் திருகி ஒரு மாதிரியோடு பொருத்துவது யாராலும் முடியும். சூப்பர்ஹீட் (உறைநிலைக்கு மேல் உருகல் எவ்வளவு சூடாக ஊற்றப்படுகிறது) 20 டிகிரியில் பொருத்திய எண்களைத் தொடாமல் 35 டிகிரிக்கு ஓட்டிப் பாருங்கள். தூண் படிகம் நீள வேண்டும், அரித்த மாதிரியும் அதையே காட்ட வேண்டும். அப்போதுதான் நம்பலாம்.

கருவி? கற்க பைத்தானும் அதன் எண்கணக்கு நூலகமான நம்பையும். உள்சுழல் மெதுவாக ஓடினால் அதை வேகமாக்கும் நம்பா. வார்ப்புக்கான வணிக மென்பொருள் புரோகாஸ்ட் கையில் இருந்தாலும் முதலில் சொந்தமாக ஒன்று எழுதிவிடுங்கள். ரெடிமேட் மென்பொருள் தவறான எண்ணுக்கும் அழகான படம் தரும்.

பின்சேர்க்கை: "மாதிரியில் ஒரு பக்கம் மட்டும் தூண் படிகம் நீளமாக இருக்கிறது, கணிப்பில் இரண்டு பக்கமும் சமம்" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அவருடையது வளைவு இயந்திரம், அதாவது இரும்பு வளைந்தபடியே இறங்குகிறது. மிதக்கும் படிகங்கள் கீழே, வெளிவளைவுப் பக்கம் படிந்து அங்கே தூண்களைத் தடுக்கும். உள்வளைவில் தடுக்க ஆளில்லை. இந்த மாடலில் படிகங்கள் நகர்வதில்லை, ஆகவே இது வராது. உருகலைக் கலக்கும் மின்காந்தக் கலக்கியும் இதே கதைதான்: அது ஒடிக்கும் டென்ட்ரைட் (கிளைவிட்டு வளரும் படிகம்) நுனிகளுக்கு ஈடாகக் கரு எண்ணைக் கூட்டலாம். ஆனால் கலக்கியின் மின்னோட்டத்தை மாற்றினால் அந்த எண்ணை மறுபடி பொருத்த வேண்டும்.