ஆக்சிஜன் ஐசோடோப் கோட்டை வாசிப்பது எப்படி? தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

அக்கா மகள் பெங்களூருவில் ஒரு கல்லூரியில் நிலவியல் படிக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை அல்சூரில் எங்கள் வீட்டுக்கு வந்தவள், காபி டம்ளரை ஓரமாகத் தள்ளிவிட்டு மூன்று அச்சுத்தாள்களை மேசைமேல் பரப்பினாள். மூன்றிலும் பழங்காலத் தட்பவெப்பம் மாறியதைக் காட்டும் வரைபடக் கோடுகள்: ஒன்று கிரீன்லாந்துப் பனி, இன்னொன்று ஆழ்கடல் சேறு, மூன்றாவது மேகாலயக் குகை.

"சித்தி, மூணுலயும் டெல்டா-18னுதான் போட்டிருக்கு. இதுல எண் குறைஞ்சா குளிருங்கறாங்க, அதுல கூடினா குளிருங்கறாங்க. மூணாவதுல குளிர்ப் பேச்சே இல்ல, மழைங்கறாங்க. எதை நம்பறது?"

மூன்றையும் நம்பலாம். ஆனால் எந்தப் பொருளில் அளந்த எண் என்று தெரியாமல் கோட்டில் கை வைக்கக் கூடாது. அன்று அவளுக்குச் சொன்னதை, இதே குழப்பத்தில் இருக்கும் மற்றவர்களுக்காகவும் இங்கே எழுதிவைக்கிறேன்.

படி 1: எண் எதைச் சொல்கிறது?

இயற்கையில் உள்ள ஆக்சிஜன் அணுக்களில் 99.76% எடை 16 கொண்டவை. எடை 18 கொண்டவை சுமார் 0.2%தான். (17-ம் உண்டு, மிகக் கொஞ்சம். இப்போதைக்கு அதை விட்டுவிடலாம்.) இப்படி எடை மட்டும் வேறுபடும் ஒரே தனிமத்தின் அணுவகைகளைத்தான் ஐசோடோப் என்கிறோம். ஒரு மாதிரியில் 18-க்கும் 16-க்கும் உள்ள விகிதத்தை, உலகம் ஒப்புக்கொண்ட ஒரு நிர்ணயப் பொருளின் விகிதத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை ஆயிரத்துக்கு இத்தனை என்று எழுதுவதுதான் டெல்டா. அலகின் பெயர் பெர் மில்.

ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். நிர்ணயக் கடல்நீரின் விகிதம் 0.0020052. உங்கள் பனித்துண்டில் 0.0019750 வந்தது என்று வைத்துக்கொள்வோம். இதை அதால் வகுத்தால் 0.9849. ஒன்றைக் கழித்து ஆயிரத்தால் பெருக்கினால் ஏறக்குறைய −15. அதாவது, கடல்நீரைவிட இந்தப் பனியில் கனமான ஆக்சிஜன் ஆயிரத்துக்குப் பதினைந்து பங்கு குறைவு. எண் கீழே போனால் 'லேசு', மேலே போனால் 'கனம்'. சூடு, குளிர் என்ற சொற்களை இந்த இடத்தில் வாயில் எடுக்காதீர்கள். அவசரப்பட்டால் பிறகு எல்லாம் குழம்பும்.

ஒரு எச்சரிக்கை: நிர்ணய அளவுகள் இரண்டு. தண்ணீருக்குக் கடல்நீர் அளவு. சிப்பி, குகைப்படிவு போன்ற சுண்ணாம்புப் பொருள்களுக்குப் பீடீ அளவு. அமெரிக்காவின் தென் கரோலினாவில் கிடைத்த ஒரு தொல்லுயிர்ப் படிவத்திலிருந்து வந்த பெயர் அது. இரண்டுக்கும் இடையே சுமார் 31 பெர் மில் வித்தியாசம். அச்சின் ஓரத்தில் எந்த அளவு என்று போட்டிருக்கும். முதலில் அதைப் படியுங்கள்.

படி 2: லேசும் கனமும் எங்கே பிரிகின்றன?

மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தில் வண்டி வந்து நின்றதும் கவனித்திருப்பீர்கள். கையில் சுமை இல்லாதவர்கள் சட்டென்று ஏறிவிடுவார்கள். பெரிய மூட்டையோடு நிற்பவர் பின்தங்குவார். எப்படியோ ஏறிவிட்டாலும், முதலில் இறங்கத் தவிப்பவரும் அவரே.

தண்ணீரும் அப்படித்தான். கடலிலிருந்து ஆவியாகும்போது லேசான ஆக்சிஜன் உள்ள நீர் எளிதாக மேலேறுகிறது. 25 டிகிரி வெப்பத்தில், நீரோடு சமநிலையில் இருக்கும் ஆவி அந்த நீரைவிடச் சுமார் 9 பெர் மில் லேசு. மேகம் மழையாகப் பொழியும்போது கனமானது முதலில் இறங்குகிறது. துருவத்தை நோக்கிப் போகப் போக, குளிரக் குளிர, மேகத்தில் மிஞ்சுவது மேலும் மேலும் லேசாகிறது. கிரீன்லாந்தின் உச்சியில் விழும் பனி −35 பெர் மில் அளவில் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

படி 3: எந்தப் பொருள் என்று கேளுங்கள்

பனிக்கட்டி என்றால் கதை நேரானது. குளிர் கூடினால் வழியிலேயே கனமானது அதிகம் இறங்கிவிடும், வந்து சேர்வது லேசு. ஆகவே பனியில் எண் குறைந்தால் குளிர்.

கடல் ஓடு என்றால் தலைகீழ். கடலில் வாழும் ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச்செல் உயிர்கள் சுண்ணாம்பு ஓடு கட்டுகின்றன. தண்ணீர் குளிர்ந்தால் ஓட்டில் கனமான ஆக்சிஜன் கூடுதலாகச் சேரும், டிகிரிக்கு 0.2 பெர் மில்லுக்குச் சற்று மேல். ஆகவே எண் கூடினால் குளிர். இந்த வெப்பமானி யோசனையின் வேர் வேதியியலாளர் ஹெரால்ட் யூரி 1947-இல் வெளியிட்ட கணக்குகளில் இருக்கிறது.

இந்த ஓடுகளை நான் கையால் பொறுக்கியிருக்கிறேன். கறுப்புத் தட்டில் கழுவி உலர்த்திய மணலைத் தூவி, நுண்ணோக்கியில் பார்த்தால் அரை மில்லிமீட்டர்கூட இல்லாத வெள்ளை உருண்டைகள், பாப்கார்ன் போலப் புடைத்த அறைகளோடு கிடக்கும். மிக மெல்லிய தூரிகையின் நுனியை ஈரமாக்கி ஒவ்வொன்றாகத் தொட்டு எடுக்க வேண்டும். மூச்சு வேகமாக விட்டால் பறந்துவிடும். ஒரு நாள் களைப்பில், கடலடியில் வாழும் இரண்டு இனங்களை ஒரே குப்பியில் போட்டுவிட்டேன்: சிபிசிடாய்டிஸ், யுவிஜெரினா. ஒரே தண்ணீரில் வாழ்ந்தாலும் இரண்டின் ஓடுகளுக்கும் ஏறக்குறைய 0.64 பெர் மில் வித்தியாசம் உண்டு. கோட்டில் திடீரென்று இரண்டரை டிகிரிக்கு மேல் ஒரு 'குளிர்ச்சி' தெரிந்தது. அது கடலில் நடந்ததே இல்லை. அன்றிலிருந்து எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் அடிக்குறிப்பில் இனத்தின் பெயரைத்தான் முதலில் தேடுகிறேன்.

படி 4: கடல் கோட்டிலிருந்து பனியைக் கழியுங்கள்

தொடங்குபவர்கள் மிகவும் தடுமாறும் இடம் இது. கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

ஓட்டின் எண் தண்ணீரின் வெப்பத்தால் மட்டும் மாறுவதில்லை, தண்ணீரே மாறினாலும் மாறும். பனியுகத்தில் லேசான நீர் பனிப்பாளங்களாக நிலத்தின்மேல் உறைந்துபோகிறது, கடலுக்குத் திரும்புவதில்லை. மிஞ்சிய கடல் கனமாகிறது. இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான சேசரே எமிலியானி 1955-இல் தன் ஆழ்கடல் கோடுகளில் பெரும்பங்கை வெப்பமாற்றம் என்று படித்தார். பெரும்பங்கு பனியின் அளவுதான் என்று நிக்கலஸ் ஷாக்கிள்டன் 1967-இல் காட்டினார். எமிலியானியே தடுமாறிய இடம் இது என்றால், நமக்கு ஒரு மணி நேரம் பிடிப்பதில் தவறே இல்லை.

பனியின் பங்கு எவ்வளவு? நாமே கணக்குப் போடலாம். கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன், கடல் மட்டம் ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. கடலின் சராசரி ஆழம் சுமார் 3,800 மீட்டர். 120-ஐ 3,800-ஆல் வகுத்தால் 0.032. அந்தத் தண்ணீர் −35 பெர் மில் அளவுள்ள பனியாகப் போனது என்று கொண்டால், 0.032 × 35 = 1.1. கடல் முழுதும் ஏறக்குறைய 1 பெர் மில் கனமாகியிருக்க வேண்டும். சேற்றின் துளைகளில் சிக்கிய பழைய கடல்நீரை எடுத்து நேரடியாக அளந்தபோதும் 1-ஐ ஒட்டியே விடை வந்தது. இந்தக் கணக்கை முதன்முதலாகப் போட்டுப் பார்த்த அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

இப்போது கழித்தல். உலகெங்கும் எடுத்த 57 ஆழ்கடல் பதிவுகளைச் சேர்த்து லோரெய்ன் லிசியெக்கி, மொரீன் ரேமோ இருவரும் 2005-இல் வெளியிட்ட கோட்டில், இன்றைய மதிப்பு சுமார் 3.2, பனியுக உச்சத்தில் சுமார் 5. வித்தியாசம் 1.8. பனிக்கு 1 போக மீதி 0.8. ஒரு பெர் மில்லுக்கு நாலு டிகிரி என்றால், ஆழ்கடல் ஏறக்குறைய 3 டிகிரி குளிர்ந்திருந்தது. கழிக்காமல் முழு 1.8-ஐயும் வெப்பமாக்கியிருந்தால் 7 டிகிரி வந்திருக்கும்!

கடலின் மேற்பரப்பில் வாழும் இனம் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. வங்காள விரிகுடாவில் கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவரும் லேசான ஆற்றுநீர் மேலே பரவுகிறது. அங்கே எண் குறைந்தால் சூடு என்று முடிவுகட்டாதீர்கள், பருவமழை பெருத்திருக்கலாம். அதே ஓட்டில் மக்னீசியம்-கால்சியம் விகிதத்தையும் அளந்திருந்தால் வெப்பத்தைத் தனியாகப் பிரித்துவிடலாம்.

படி 5: குகைக்கோடு என்றால் மழையை நினையுங்கள்

குகையின் தரையில் சொட்டுச் சொட்டாக வளரும் ஸ்டாலக்மைட், மேலே பெய்த மழையின் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கிறது. நம் வெப்பமண்டலத்தில் மழை பலத்தால் எண் பொதுவாகக் குறையும். மேகாலயாவின் மாவ்மளூ குகையில் எடுத்த ஒரு ஸ்டாலக்மைட்டில், சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் எண் கனத்த பக்கம் ஏறுகிறது. பருவமழை நலிந்ததன் அடையாளம் அது. அதையே எல்லையாக வைத்து 2018-இல் 'மேகாலயன்' என்ற காலப்பிரிவை அறிவித்தார்கள்.

ஆனால் 'எண் குறைந்தால் அதிக மழை' என்று தென்னிந்தியாவில் கண்ணை மூடிக்கொண்டு எழுத முடியாது. பெங்களூருவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜூனில் தொடங்கும் மழை அரபிக்கடல் பக்கமிருந்து வருகிறது. அக்டோபரில் ஊருக்குப் போகும் ரயிலில் நாம் நனைவது வங்காள விரிகுடா ஈரம். தென்னிந்தியாவில் இந்த வடகிழக்குப் பருவமழை பொதுவாக லேசானது. மொத்த மழை மாறாமல், இரண்டின் பங்கு மட்டும் மாறினாலும் எண் மாறும்.

படி 6: அச்சும் வயதும்

வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆழ்கடல் வரைபடங்களில் செங்குத்து அச்சைப் பெரும்பாலும் தலைகீழாகப் போடுவார்கள், வெப்பமான காலம் மேலே தெரியட்டும் என்று. காலம் இடமிருந்து வலமா, வலமிருந்து இடமா என்று பாருங்கள். அளவுப்பிழை 0.1 பெர் மில்லை ஒட்டி இருக்கும், அதைவிடச் சின்ன நெளிவுக்குக் கதை கட்டாதீர்கள். திறந்த கடலில் ஆயிரம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் சேறுதான் படியும், அதையும் புழுக்கள் கிளறிவிடும். ஒற்றைப் புள்ளி ஒரு வருடத்தைக் காட்டாது, பல நூற்றாண்டுகளைக் கலந்து காட்டும். குகைப்படிவுக்கு யுரேனியம்-தோரியம் முறையில் வயது கணித்தார்களா என்பதையும் பாருங்கள்.

சரி, இப்போது நீங்களே செய்து பாருங்கள். நான் சொன்ன 2005-ஆம் ஆண்டுக் கோடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் எண்ணிட்ட கட்டங்கள் இருக்கும்: ஒற்றைப்படை வெப்பம், இரட்டைப்படை குளிர். (3 மட்டும் இதில் சரியாகப் பொருந்தாது. அது பனியுகத்துக்குள் வந்த ஒரு மிதமான காலம்.) 5-ஆம் கட்டத்தின் தொடக்கத்தில், சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன், எண் என்ன என்று குறித்துக்கொண்டு இன்றைய 3.2-உடன் ஒப்பிடுங்கள்.

அக்கா மகள் பென்சிலை அங்கே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. "சித்தி, இன்னிக்கு இருக்கறதைவிட லேசா இருக்கே. அப்போ பனி இன்னும் கம்மியா?"

ஆமாம். அன்று கடல், இன்றைய மட்டத்தைவிட 6 முதல் 9 மீட்டர் உயரத்தில் நின்றது.