சபை மாறிய போதகரின் வாழ்க்கையை எழுதும்போது தவிர்க்க வேண்டியவை

புதிதாக எழுத வருகிறவர்களின் போதகர் வரலாறுகளைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. ஒரு காலத்தில் நான் செய்த பிழைகளே வரிசை மாறாமல் வந்து சேர்கின்றன. ஆண்டுப் பிழை, பெயர்ப் பிழைகளை விட்டுவிடுகிறேன். அவற்றை யாரும் திருத்திவிடலாம். அமெரிக்காவின் கென்டக்கி எல்லைப்புறத்தில் பிரஸ்பிட்டேரியன் சபையை விட்டு விலகிய போதகர் பார்ட்டன் ஸ்டோனை (1772–1844) வைத்தே சொல்கிறேன்.

முதுமையின் நினைவை நாட்குறிப்பாக எடுத்துக்கொள்வது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். 1798இல் கென்டக்கியின் கேன் ரிட்ஜில் ஸ்டோனுக்குப் பிரஸ்பிட்டேரியன் போதகராக அபிஷேகம். சபையின் கோட்பாட்டுத் தொகுப்பான விசுவாச அறிக்கையை ஏற்கிறீரா என்று கேட்டதற்கு, தேவ வசனத்தோடு ஒத்துப்போகும் அளவுக்கு ஏற்கிறேன் என்றாராம். எழுதுகிறவருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி! மனத்தளவில் அன்றே வெளியேறிவிட்டார் என்று ஓர் அத்தியாயம் முளைத்துவிடும்.

அந்தப் பதில் வருவது அவருடைய தன்வரலாற்றில். கடைசிக் காலத்தில் எழுதியது, அச்சானது 1847இல். பிரிந்து நாற்பது ஆண்டு ஆனவர், பிரிவதற்கு முந்தைய தம்மைப் பற்றிச் சொல்கிறார். பொய் என்று சொல்லவில்லை. ‘பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தபடி’ என்று மூன்று சொல் சேர்த்தால் போதும். சேர்க்காவிட்டால், பிரஸ்பிட்டேரியன், மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் போதகர்கள் ஒரே திடலில் பிரசங்கித்த 1801 எழுப்புதல் (பக்தி எழுச்சி) கூட்டமும், அதன்பின் சக போதகர் மக்னெமாரின் போதனையைச் சினோடு (பல சபைகளை ஆளும் மேல்மன்றம்) விசாரிக்கக் கிளம்பியதும் வெறும் சடங்காகிவிடும். பிரிவை உண்டாக்கியவை அவைதானே?

ஒருவர் தம் புத்தகத்தின் முதல் பாதியையே இந்தப் பதிலை நம்பி எழுதியிருந்தார். அச்சுக்குப் போகும் நேரத்தில் பிரித்து எழுத வேண்டியதாயிற்று. என்னோடு இன்றுவரை பேசுவதில்லை.

தனியாளாக வெளியேறியதாகக் காட்டுவது

1803இல் கென்டக்கி சினோடை விட்டு விலகியவர்கள் ஐவர். ஸ்பிரிங்ஃபீல்ட் பிரஸ்பிட்டரி என்று தங்களுக்கென ஒரு சபை மன்றம் தொடங்கினார்கள். 1804 ஜூனில் தாங்களே கலைத்து, அதன் பெயரில் உயிலும் எழுதிவைத்தார்கள். பிறகு மக்னெமாரும் டன்லவியும் மணம் செய்யாமல் கூட்டாக வாழ்ந்த ஷேக்கர் என்ற கிறிஸ்தவக் குழுவினரோடு போனார்கள். மார்ஷலும் தாம்சனும் பழைய சபைக்கே திரும்பினார்கள். இந்த நால்வரையும் வெட்டிவிட்டால், ஸ்டோன் மட்டும் ஏன் நின்றார் என்ற கேள்வியே எழாது.

சம்பளத்தை மறப்பது

சபை போனால் சம்பளமும் போகும். அடிமைகளை விடுவித்துவிட்டுத் தம் சிறிய பண்ணையில் தாமே இறங்கினார் ஸ்டோன். பிரசங்கம் முடித்து வீடு திரும்பினால் சோளத்தைக் களை முந்தியிருக்கும். கூலிக்கு ஆள் வைக்கப் பணமில்லை. மற்றவர்கள் தூங்கும் இரவில் வேலை செய்து ஈடுகட்டினார். இதுவும் தன்வரலாற்றுச் செய்திதான். அந்த மூன்று சொல்லை இங்கேயும் போடுங்கள்.

1832ஐயும் சபை மாற்றம் என்பது

இல்லை. அந்த ஆண்டு ஸ்டோனின் கூட்டத்தாருக்கும் அலெக்சாண்டர் காம்ப்பெல் என்ற போதகரின் வழியினருக்கும் நடந்தது இணைப்பு.