அடம்பிடிக்கும் குழந்தையைப் புரிந்துகொண்டு வழிநடத்துவது எப்படி?

குழந்தை தரையில் புரண்டு அழும்போது அதை எப்படி நிறுத்துவது என்ற கேள்விதான் நமக்கு முதலில் எழுகிறது. ஆனால் அழுகைக்குச் சற்று முன்பு என்ன நடந்தது என்று கவனித்தவர்களுக்கே அதைக் குறைக்கும் வழி புலப்படும். இரண்டு வயதில் பெரும்பாலான குழந்தைகள் இரண்டிரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசத் தொடங்குகின்றன. பசி, தூக்கக் கலக்கம், பொறாமை, பயம் எல்லாவற்றையும் அந்தச் சில சொற்களுக்குள் அடக்க முடியாதபோது கையும் காலும் பல்லும் பேச ஆரம்பிக்கின்றன. மேலும், உந்துதலைக் கட்டுப்படுத்தும் மூளையின் முன்பகுதி 20 வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருப்பதால், 'வேண்டுமென்றே செய்கிறான்' என்று நாம் குறைபடும் பல தருணங்களில், செய்யக்கூடாது என்று தெரிந்தும் தன்னை நிறுத்திக்கொள்ளும் வலிமை குழந்தைக்கு இருப்பதில்லை.

ஆகவே ஒரு வாரம் நோட்டுப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் முன்னால் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, பின்னர் அதற்கு என்ன கிடைத்தது என்று எழுதுங்கள். "மாலை 6.30 மணி. மதியம் தூங்கவில்லை. கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். குளிப்பாட்டத் தூக்கினேன், அடித்தாள். செல்போனைக் கொடுத்ததும் அடங்கினாள்." எழுதாமல் விட்டிருந்தால் அடித்தது மட்டுமே நினைவில் நின்றிருக்கும். எழுதியதால் களைப்பும், பாதியில் கலைந்த விளையாட்டும், அடித்தால் செல்போன் வரும் என்று நாமே கற்றுக்கொடுத்ததும் தெரிகின்றன.

களைப்பைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். பகல் தூக்கத்தையும் சேர்த்து 1 முதல் 2 வயது வரை 11–14 மணி நேரமும், 3 முதல் 4 வயது வரை 10–13 மணி நேரமும் உறக்கம் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. விளையாட்டை நிறுத்தும் முன் "ஐந்து நிமிடம்" என்று சொல்வதால் பயனில்லை. அந்த வயதில் நிமிடம் என்பது வெறும் ஒலி. "இன்னும் இரண்டு கட்டை வைத்ததும் குளிக்கப் போகலாம்" என்றால் அது குழந்தையின் கண்ணுக்குத் தெரியும்.

இத்தனைக்குப் பிறகும் குழந்தை அடித்தால், அதன் உயரத்துக்கு அமர்ந்து, கையை மெதுவாகப் பிடித்து, "கோபமாக இருக்கிறாய். ஆனால் அடிக்க விடமாட்டேன்" என்று மட்டும் சொல்லுங்கள். அழுகையின் உச்சத்தில் அறிவுரை காதில் ஏறாது. அடிக்காதே என்று சொல்லிக்கொண்டே நாம் அடிப்பது, கை ஓங்குவதையே கற்பிக்கும்.

பலர் தோற்றுப்போகும் இடம் ஒன்று உண்டு. அழுதால் கிடைத்துவந்த பொருளைத் தர மறுத்தவுடன் அடம் குறைவதில்லை, முதல் சில நாட்கள் கூடவே செய்யும். பழைய வழி ஏன் பலிக்கவில்லை என்று குழந்தை இன்னும் உரக்க முயல்கிறது. அப்போது மனம் இளகிக் கொடுத்துவிட்டால், இவ்வளவு நேரம் அழ வேண்டும் என்பதே அது கற்கும் பாடமாகிவிடும். இதில் பாட்டி, தாத்தா உட்பட வீட்டார் அனைவரும் ஒரே சொல்லில் நிற்க வேண்டும். அழாமல் கேட்ட நேரத்தில், "அழாமல் கேட்டாய், எனக்கு உடனே புரிந்தது" என்று அந்தச் செயலைக் குறிப்பிட்டுப் பாராட்டுங்கள்.

குழந்தை தன்னைத்தானே அடிக்கடி காயப்படுத்திக்கொண்டாலோ, பேசிவந்த சொற்களை இழந்தாலோ, அழுகையில் மூச்சடக்கி மயங்கினாலோ, வளர்ந்தால் சரியாகிவிடும் என்று காத்திராமல் குழந்தைநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அந்த நோட்டுப் புத்தகத்தையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.