200 டாலருக்கு வர்ற துப்பாக்கி: வாங்கலாமா, வாங்குனா என்னென்ன பாக்கணும்

டெக்ஸாஸ்ல இருக்கோம், சிட்டிசன்ஷிப் வந்தாச்சு, பக்கத்து வீட்டுக்காரர்ல இருந்து ஆபீஸ் மேனேஜர் வரைக்கும் எல்லார்கிட்டயும் கன் இருக்கு. நம்ம ஆளுங்களும் இப்ப நிறைய பேர் வாங்குறாங்க. மாசத்துக்கு ஒரு தம்பியாவது கேட்டுடுறான், "அண்ணா, கடையில 200 டாலருக்கு ஒரு பிஸ்டல் இருக்கு, அதுக்கு பக்கத்துலயே 600 டாலருக்கு ஒண்ணு இருக்கு, ரெண்டுமே 9 எம்எம் தோட்டா சைஸ் தான், எதுக்கு 400 டாலர் கூட குடுக்கணும்?" நியாயமான கேள்விதான். பதில போன்ல சொல்லி முடிக்க முடியல, அதான் எழுதிடுறேன்.

முதல்ல ஒரு விஷயம், இத தாண்டிட்டு தான் மத்ததெல்லாம். எச்1பி, எல்1, எஃப்1, எச்4 மாதிரி விசால இருந்தீங்கன்னா ஃபெடரல் சட்டப்படி துப்பாக்கியோ தோட்டாவோ உங்க கையில இருக்கவே கூடாது. ஹண்டிங் லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு இருக்கு, ஆனா அத நம்பி இறங்குறதுக்கு முன்னாடி இமிகிரேஷன் வக்கீல் ஒருத்தர்கிட்ட கேட்டுடுங்க, ஏன்னா மாட்டுனா க்ரீன் கார்டும் போச்சு, ஊருக்கும் அனுப்பிடுவாங்க. சுட்டுப் பழகுற இடமான ரேஞ்சுல வாடகைக்கு எடுத்து சுடுறதும் இதுல தான் வரும். சிட்டிசனா இருக்குற நீங்க விசால இருக்குற நண்பர ஆசையா கூட்டிட்டு போய் கையில குடுத்தீங்கன்னா உங்களுக்கும் சிக்கல். க்ரீன் கார்டு இருந்தா ஃபெடரல் அளவுல தடை இல்ல, ஸ்டேட் சட்டம் மட்டும் தனியா பாத்துக்கோங்க.

சரி, இப்ப விலை. ஒரு துப்பாக்கி மலிவா இருக்குன்னா நான் கேக்குற ஒரே கேள்வி, காசு எங்க மிச்சம் பண்ணாங்கன்னு தான். மேல பூசுற ஃபினிஷ்லயா, மரத்துக்கு பதிலா பிளாஸ்டிக் கட்டைலயா, இல்ல உள்ள இருக்குற உலோகத்துலயும், தப்பித் தவறி சுடாம தடுக்குற சேஃப்டிலயுமா? முதல் ரெண்டுன்னா தாராளமா வாங்குங்க. மூணாவதுன்னா அது மலிவு இல்ல, வம்பு.

இதுக்கு ஒரு பழைய கதை இருக்கு. 1968-ல வந்த கன் கன்ட்ரோல் ஆக்ட் வெளிநாட்டுல இருந்து வர்ற குட்டி மலிவு பிஸ்டல்கள நிறுத்துச்சு, ஆனா உள்நாட்டுல செய்யறத ஒண்ணும் சொல்லல. அந்த இடைவெளில லாஸ் ஏஞ்சல்ஸ் சுத்துவட்டாரத்துல ஒரு குடும்பமும் அவங்க சொந்தக்காரங்க நண்பர்களுமா வரிசையா கம்பெனி தொடங்குனாங்க, ராவன், ஜென்னிங்ஸ், டேவிஸ், லார்சின், பிரைக்கோன்னு. எல்லாம் துத்தநாகக் கலவைய அச்சுல ஊத்தி செஞ்ச பாக்கெட் பிஸ்டல், நிறைய மாடல் நூறு டாலருக்குள்ளயே கிடைச்சுச்சு. சாட்டர்டே நைட் ஸ்பெஷல்னு சொல்றது இந்த மாதிரி சாமானத்த தான். இதுல பிரைக்கோ பிஸ்டல் ஒண்ணுல இருந்து தோட்டாவ எடுத்து காலி பண்ணணும்னா சேஃப்டிய ஆஃப் பண்ணித்தான் ஆகணும், டிசைனே அப்படி. 1994-ல கலிபோர்னியால ஒரு வீட்டுல பத்திரமா காலி பண்ணலாம்னு ஒருத்தர் முயற்சி பண்ணும்போதே வெடிச்சு, 7 வயசு பையனுக்கு கழுத்துக்கு கீழ எல்லாம் செயலிழந்துடுச்சு. 2003-ல ஜூரி கம்பெனிக்கு எதிரா தீர்ப்பு குடுத்துச்சு, கம்பெனி திவாலாச்சு. அந்தக் காலத்து பிஸ்டல்கள் இன்னும் கன் ஷோலயும் அடகுக்கடைலயும் சுத்திட்டு இருக்கு. எவ்வளவு கம்மி விலைக்கு குடுத்தாலும் தொடாதீங்க.

இப்ப வர்ற மலிவு பிஸ்டல் எல்லாம் அப்படின்னு சொல்ல மாட்டேன். ஒஹாயோல செய்யற ஹை-பாயின்ட்ட எடுத்துக்கோங்க, எல்லாரும் கிண்டல் பண்ற கன். அதோட ஸ்லைடும் (சுடும்போது மேல முன்ன பின்ன நகர்ற பாகம்) துத்தநாகக் கலவைதான், ஆனா கனமா, தடியா செஞ்சிருக்காங்க, வெடிக்கிற வேகத்த அந்த எடையே தாங்கணும். அதனால சி9 மாடல் காலியா இருக்கும்போதே 800 கிராமுக்கு மேல வரும், அதோட மேகசின்ல (தோட்டா அடுக்குற டப்பா) 8 ரவுண்டு, அதாவது 8 தோட்டா தான் பிடிக்கும். இடுப்புல வச்சுக்கிட்டு நடக்க லாயக்கில்ல. க்ளீன் பண்ண கழட்டணும்னா ஒரு பின்ன சுத்தியல் வச்சு தட்டி எடுக்கணும், புதுசா பழகுறவங்க அதனாலயே க்ளீன் பண்ணாம விட்டுடுறாங்க. நல்ல பக்கம் என்னன்னா, யார் கையில இருந்தாலும், எத்தனாவது ஓனரா இருந்தாலும் ஆயுசுக்கும் வாரன்ட்டி, அனுப்பி வச்சா சரி பண்ணி தருவாங்க. ராத்திரி ஷிப்ட் பாக்குற, வாடகை குடுத்துட்டு கையில ஒண்ணும் மிஞ்சாத ஒருத்தருக்கு தற்காப்புக்குன்னு ஒண்ணு வேணும்னா அவர பாத்து 600 டாலர் சேத்துட்டு வாங்கன்னு சொல்ல எனக்கு மனசு வராது. மலிவு துப்பாக்கிக்கு இருக்குற உண்மையான நியாயம் இதுதான்னு நினைக்கிறேன், பாதுகாப்பு காசு இருக்குறவங்களுக்கு மட்டும் சொந்தமா இருக்கக் கூடாது.

டாரஸ் கம்பெனியும் மலிவுக்கு பேர் போனது, பிரேசில் காரங்க. ஜி2சி, ஜி3சி மாடலெல்லாம் நல்லாவே ஓடுது. ஆனா பழசு வாங்குறவங்க கவனிக்கணும், பிடி-111 மில்லேனியம் (ஜி2 வரதுக்கு முந்தினது), பிடி-24/7 மாதிரி ஒன்பது மாடல்கள் கீழ விழுந்தா தானா வெடிக்குதுன்னு கேஸ் நடந்து, 2015 வாக்குல சமரசத்துக்கு வந்தாங்க, கிட்டத்தட்ட 10 லட்சம் பிஸ்டல் அதுல அடங்கும். எந்த கம்பெனியா இருந்தாலும் சரி, காசு குடுக்குறதுக்கு முன்னாடி சீரியல் நம்பர அவங்க வெப்சைட்ல போட்டு ரீகால் இருக்கான்னு (குறைன்னு கம்பெனியே திருப்பிக் கேட்டிருக்கான்னு) பாருங்க, ரெண்டு நிமிஷ வேலை.

எனக்கு நடந்தத சொல்றேன். ஆரம்பத்துல ஒருத்தர்கிட்ட இருந்து செகண்ட் ஹேண்ட்ல .380 சைஸ் தோட்டா போடுற பாக்கெட் பிஸ்டல் ஒண்ணு வாங்குனேன், கம்பெனி பேரு வேணாம், 120 டாலர். முதல் நாள் ரேஞ்சுல 60 ரவுண்டு கூட தாண்டல, அஞ்சு தடவ தோட்டா மாட்டிக்கிட்டு ஜாம். ஜாம எடுக்கும்போது பழக்கம் இல்லாததால பேரல் (குழல்) எந்தப் பக்கம் திரும்புதுன்னே கவனிக்காம திருப்பிட்டேன், ரேஞ்ச் ஆபீசர் வந்து கைய அப்படியே பிடிச்சு நிறுத்துனார். இன்னைக்கும் அத நினைச்சா வயித்த கலக்குது. ஜாம் ஆகுற கன் ஆபத்து நேரத்துல கை விடும்னு மட்டும் தான் எல்லாரும் சொல்வாங்க, எனக்கு அதவிட பெரிய பயம் இதுதான், புதுசா பழகுறவன் கையில ஜாம் ஆன, தோட்டா உள்ள இருக்குற கன் இருக்குறது.

அதனால ஷாட்கன், ரைபிள் மாதிரி நீளத் துப்பாக்கிய யோசிங்கன்னு சொல்வேன். மலிவுல உண்மையிலேயே நல்ல சாமான் அங்கதான் இருக்கு. மாஸ்பெர்க் கம்பெனியோட மேவரிக் 88 பம்ப் ஷாட்கன் 250 டாலர் பக்கம் கிடைக்கும். அது 1960கள்ல இருந்து ஓடிட்டு இருக்குற மாஸ்பெர்க் 500-ஓட தம்பி மாதிரி, நிறைய பாகம் ரெண்டுக்கும் பொது, பேரலே மாத்தி போட்டுக்கலாம். காசு எங்க மிச்சம் பண்ணாங்கன்னு பாத்தா, ஃபினிஷ் சாதாரணம், சேஃப்டி பட்டன் மேல கட்டைவிரலுக்கு வராம ட்ரிகர் பக்கத்துல குறுக்க இருக்கும், அவ்வளவுதான். வேலை செய்யற பாகத்துல கை வைக்கல. ஆனா 12 கேஜ் (ஷாட்கன் தோட்டா சைஸ்) தோள்ல நல்லா இடிக்கும், வீட்டுல மத்தவங்களும் பழகணும்னா முதல்ல ஒரு தடவ சுட்டுப் பாக்கச் சொல்லுங்க. பழகறதுக்கு மட்டும்னா .22 ரைபிள், ரூகர் 10/22 1964-ல இருந்து வருது, 300 டாலர் சொச்சம், தோட்டா பத்து சென்டுக்குள்ள கிடைக்கும், ஒரு மத்தியானம் முழுக்க சுட்டாலும் பர்ஸ் காலியாகாது.

பிஸ்டல் தான் வேணும்னு முடிவுன்னா புது மலிவு பிஸ்டல விட போலீஸ் ட்ரேட்-இன், அதாவது போலீஸ் மாத்திட்டு கொடுத்த பழைய பிஸ்டல் தேடுங்க. எஃப்பிஐ .40 சைஸ் தோட்டால இருந்து 9 எம்எம்முக்கு திரும்புனதும் நிறைய டிபார்ட்மென்ட் பின்னாடியே போயிட்டாங்க, அவங்க விட்ட க்ளாக், ஸ்மித் அண்ட் வெசன் .40 பிஸ்டல்கள் 300 டாலர் பக்கம் வரும். வெளிய உறைல உரசி உரசி தேஞ்சிருக்கும், உள்ள பாத்தா அதிகம் சுட்டிருக்கவே மாட்டாங்க, போலீஸ்காரங்க சுமக்குறது தான் ஜாஸ்தி. குறி பாக்க இருட்டுல ஒளிர்ற சைட்டு இருந்தா மங்கிப் போயிருக்கும், அதுக்கு வெளிச்சம் தர்ற ட்ரிட்டியம் 12 வருஷத்துல பாதியாயிடும், பரவாயில்ல. குறைன்னா .40 தோட்டா 9 எம்எம்ம விட விலை ஜாஸ்தி, உதையும் ஜாஸ்தி.

கடையில கையில வாங்குனதும் என்ன பாக்கணும்னா, முதல்ல மேகசின கழட்டுங்க, ஸ்லைட பின்னாடி இழுத்து பூட்டுங்க, கண்ணால பாத்து விரல விட்டும் பாருங்க காலியான்னு. கடைக்காரர் காட்டிட்டு தான் குடுத்தாருன்னாலும் நீங்களும் பண்ணணும், யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. அப்புறம் பேரலுக்குள்ள லைட் அடிச்சு பாருங்க, உள்ள வளையம் மாதிரி கருப்பா ஒரு நிழல் தெரிஞ்சா பேரல் உள்ளுக்குள்ள வீங்கியிருக்கு, அப்படியே வச்சுட்டு வந்துடுங்க. கடைக்காரர்கிட்ட கேட்டுட்டு, பாதுகாப்பான பக்கம் திருப்பி வச்சு சேஃப்டிய போட்டு ட்ரிகர அழுத்துங்க, எதுவும் நடக்கக் கூடாது, சேஃப்டிய எடுக்கும்போதும் உள்ள ஒண்ணும் விழுற சத்தம் வரக் கூடாது. ஸ்லைடுலயும் ஃபிரேம்லயும் விரிசல் இருக்கான்னு முனைகள்ல பாருங்க. சீரியல் நம்பர் சுரண்டியிருந்தா வச்சிருக்குறதே குற்றம், அங்க நிக்கவே நிக்காதீங்க.

கடையில வாங்குனா 4473 ஃபாரம் நிரப்பி பேக்கிரவுண்ட் செக் நடக்கும், கைத்துப்பாக்கிக்கு 21 வயசு ஆகியிருக்கணும். அதுல நீங்க தான் உண்மையான வாங்குறவரான்னு ஒரு கேள்வி வரும். நண்பனுக்காக அவன் காசுல உங்க பேர்ல வாங்கி குடுக்குற வேலை வேண்டவே வேண்டாம், அதுவே குற்றம். துப்பாக்கி வச்சிருக்கக் கூடாத ஆளுக்குன்னு தெரிஞ்சே வாங்கி குடுத்தா 2022-ல வந்த சட்டப்படி 15 வருஷம் வரைக்கும் உள்ள போடலாம்.

பில்லு போட்டதோட செலவு முடியல. 9 எம்எம் தோட்டா இப்போதைக்கு ஒண்ணு 25 சென்ட் பக்கத்துல ஓடுது, விலை ஏறி இறங்கும். 300 ரவுண்டு சுடாத எந்த மலிவு பிஸ்டலையும் நான் நம்ப மாட்டேன், அதுவே 75 டாலர். எப்படி சுடணும்னா, மேகசின் ரெண்டு வாங்கி மார்க்கர்ல 1, 2-னு எழுதிக்கோங்க, ஒவ்வொரு ஜாமும் எந்த மேகசின், எந்த தோட்டா, எத்தனாவது ரவுண்டுன்னு நோட்டுல குறிங்க. பாதி நேரம் குத்தம் கன்னுல இருக்காது, மேகசின்ல இருக்கும், மாத்துனா சரியாயிடும். முதல் 100-ல ரெண்டு மூணு வந்தா விடலாம், கடைசி 200-லயும் வந்துட்டே இருந்தா வாரன்ட்டிக்கு அனுப்புங்க. வீட்டுல வைக்கப் போற, முனை குழிஞ்ச ஹாலோ பாயின்ட் தோட்டாவையும் ஒரு 50 சுட்டுப் பாருங்க, விலை கடிக்கும், ஆனா ப்ராக்டிஸ் தோட்டாவ ஒழுங்கா தின்னுற கன் இத முழுங்காம நிக்கிறது உண்டு. சத்தம் வழக்கத்த விட சன்னமா "புஸ்"னு வந்தா உடனே நிறுத்துங்க, குண்டு பேரல்லயே மாட்டியிருக்கலாம், அடுத்தத சுட்டா பேரல் வெடிச்சுடும். காதுக்கும் கண்ணுக்கும் மாட்டாம சுடாதீங்க, முடிச்சுட்டு கைய சோப்பு போட்டு கழுவாம சமோசால கை வைக்காதீங்க, கையில ஈயம் ஒட்டியிருக்கும்.

வாங்குறதுக்கு முன்னாடியே அதே மாடல் ரேஞ்சுல வாடகைக்கு இருந்தா எடுத்து சுட்டுடுறது நல்லது. நிறைய பேரு இத பண்றதே இல்ல, யூட்யூப் பாத்துட்டு வாங்கிடுறாங்க.

இப்ப நான் ரொம்ப அழுத்தி சொல்ல வர்றது பூட்டு. கன்னுல 400 டாலர் மிச்சம் பண்ணவங்க பூட்டுலயும் மிச்சம் பண்ணிடுறாங்க, அங்க தான் வயிறு எரியுது. கடையில பிஸ்டல் வாங்குனா கூடவே ஒரு பூட்டு குடுக்கணும்னு சட்டமே இருக்கு, அந்த கேபிள் லாக்க டப்பாவுலயே விட்டுடாம மாட்டுங்க. அதுக்கு மேல தரையிலயோ சுவத்துலயோ போல்ட் அடிச்ச ஒரு சேஃப். கைரேகை சேஃபுன்னு மலிவா பாத்ததும் வாங்காதீங்க, 2023-ல சுமார் 61,000 சேஃப ரீகால் பண்ணாங்க, கைரேகை பதிஞ்சாச்சுன்னு ஓனர் நினைச்சுட்டு இருக்க யார் விரல் வச்சாலும் திறந்துச்சு, 12 வயசு பையன் ஒருத்தன் உயிர் போனதா கேஸ் போட்டாங்க. நம்பர் அழுத்துற மெக்கானிக்கல் பூட்டு போதும். டெக்ஸாஸ்ல லோடு பண்ண கன்ன பூட்டாம எட்டுற மாதிரி வச்சு, அது 17 வயசுக்கு கீழ இருக்குற பிள்ளை கைக்கு போச்சுன்னா உங்க மேல குற்றம். அலமாரி மேல் தட்டு, புடவைக்கு அடியில, இதெல்லாம் ஒளிச்சு வைக்கிறது இல்ல, நம்ம பிள்ளைங்க தீபாவளி பலகாரம் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கலயா?

இன்னொண்ணு, நம்ம வீடுகள்ல பேசவே மாட்டோம். 2021-ல அமெரிக்கால துப்பாக்கியால செத்தவங்க 48,830 பேர், அதுல 26,328 பேர் தற்கொலை. திருடன் வர்றத பத்தியே யோசிச்சு வாங்குறோம், ஆனா கணக்கு வேற சொல்லுது. வீட்டுல யாராவது மனசு உடைஞ்சு இருக்காங்க, வேலை போயிருக்கு, பரீட்சைல மார்க் போயி பிள்ளை பேசாம இருக்குன்னா, இப்ப வாங்க வேண்டாம். ஏற்கெனவே இருந்தா வீட்ட விட்டு வெளிய வைங்க, சில கடைகளும் ரேஞ்சுகளும் வச்சுக்குவாங்க, கேட்டுப் பாருங்க. 988-க்கு போன் பண்ணா எந்நேரமும் பேச ஆள் இருக்காங்க.

டிசம்பர்ல ஊருக்கு போறவங்களுக்கும் இதே தான், ஒரு மாசம் பூட்டுன வீட்டுல கன்ன விட்டுட்டு போகாதீங்க, ஸ்டோரேஜ் வசதி இருக்குற இடத்துல குடுத்துட்டு போங்க. அதுக்கு வழி இல்லன்னா போல்ட் அடிச்ச சேஃபுக்குள்ள வச்சு, தோட்டாவ வேற இடத்துல பூட்டிடுங்க. ஏர்போர்ட்டுக்கு தூக்கிட்டு போற பேக் எப்பவாவது ரேஞ்சுக்கு போன பேக்கா இருந்தா முந்தின நாளே ஒவ்வொரு ஜிப்பா திறந்து பாத்துடுங்க, ஒத்த தோட்டா மூலையில கிடந்தா கூட அன்னைக்கு ப்ளைட்டு போன மாதிரி தான். சீரியல் நம்பர போட்டோ எடுத்து போன்லயும் மெயில்லயும் வச்சுக்கோங்க, திருடு போனா போலீஸ் முதல்ல கேக்குறது அதத்தான்.